ஜான் ரஸ்கின்: காணக் கற்பித்த ஆசிரியர்

தோற்றுவாய்

கல்வி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன நூலும் எழுதுகோலுமேயாம். ஆசிரியர் கூறக் கேட்டலும், கேட்டதை ஏட்டில் எழுதலும், எழுதியதை நெட்டுருச் செய்தலுமே கல்வியென எண்ணி அமைகின்றோம். கண்ணாற் கண்டு அறிதலும் கல்வியின் ஒரு கூறு என்று நினைப்பார் மிகச் சிலர். ஓவியம் ஓவியனுக்கு, சிற்பம் சிற்பிக்கு. வேறு தொழில் பூணப்போகும் மாணவனுக்கு இவற்றால் ஆவது யாது என்று வினவுவார் பலர். இவ்வினா நம்மிடையே எழுவது போலவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டிலும் எழுந்தது. அதற்கு விடை காண்பதிலே தம் அறிவையும் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்ட பெரியார் ஜான் ரஸ்கின்.

ஆங்கில உரைநடையின் அழகுக்கு எடுத்துக்காட்டாகவும், காந்தியடிகளின் உள்ளத்தைத் திருப்பிய நூலொன்றின் ஆசிரியராகவும் நாம் ரஸ்கினாரை அறிவோம். ஆயின் அவர் தொழிலாளருக்கும் கல்லூரி மாணவருக்கும் நெடுங்காலம் பாடஞ் சொல்லிய ஆசிரியர் என்பதும், அவர் சொல்லிய பாடம் காணுதல் என்பதும் பலர் அறியாதவை. அப்பகுதியையே முதன்மையாகக் கொண்டு, நிறையொடு குறையும் மறையாது, அவர் வரலாற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றேன்.

பிறப்பும் வளர்ப்பும்

ரஸ்கினார் 1819-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் ஜான் ஜேம்ஸ் ரஸ்கின், ஸ்பெயின் நாட்டு மதுவை இறக்குமதி செய்து விற்ற பெருவணிகர். தாயார் மார்கரெட் அம்மையார் கடவுட்பற்று மிக்கவர்; தமது ஒரே மகனைத் திருப்பணிக்கென்று நேர்ந்துகொண்டவர். அவ்வம்மையார் மகனை நாடோறும் தம்முன் இருத்தி வேதாகமத்தை வாசிப்பித்தார். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷத்தில் முடியும். முடிந்த மறுநாளே மீண்டும் ஆதியாகமம் தொடங்கும். பல அதிகாரங்களை மனப்பாடஞ் செய்தல் வேண்டும். பிற்காலத்து அவர் எழுதிய உரைநடையின் ஓசையும் வீறும் இப்பயிற்சியினின்று பிறந்தன என்பதை அவரே நன்றியோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வீட்டிற் செல்வம் மிகுதி. ஆயினும் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள்கள் மிகக் குறைவு. ஒரு சாவிக்கொத்தும், பின்னர் ஒரு வண்டியும் பந்தும், சில மரக்கட்டைகளுமே அவருக்குக் கிடைத்தவை. பொழுதுபோக்க வேறு வழியின்மையால் அச்சிறுவர் தரைக் கம்பளத்தின் பூவேலையை உற்று நோக்குவார். எதிர்வீட்டுச் சுவரிலுள்ள செங்கற்களை எண்ணுவார். கண் ஒன்றே அவருக்கு விளையாட்டுத் தோழனாயிற்று.

தந்தையார் வணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகச் செல்லுங்கால் மனைவியையும் மகனையும் வண்டியில் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். அங்ஙனம் செல்லும்போது பெருஞ்செல்வர் மாளிகைகளில் தொங்கிய ஓவியங்களைக் காணும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. 1832-ஆம் ஆண்டு, பதின்மூன்றாவது பிறந்தநாளன்று, தந்தையாரின் வணிகப் பங்காளி ஒருவர் இத்தாலி நாட்டைப் பற்றிய செய்யுள் நூலொன்றைப் பரிசளித்தார். அதில் டர்னர் என்னும் ஓவியர் வரைந்த சிறு சித்திரங்கள் பல இருந்தன. அச்சித்திரங்களே அவர் வாழ்வின் போக்கை வகுத்துவிட்டன. அடுத்த ஆண்டில் பெற்றோருடன் ஐரோப்பியக் கண்டத்திற் பயணம் செய்து ஆல்ப்ஸ் மலையை முதன்முறையாகக் கண்டார்.

1837-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிற் சேர்ந்தார். மகனைப் பிரிய மனமில்லாத தாயாரும் அந்நகரிலேயே குடிபுகுந்தார் எனின், அவ்வன்பின் இறுக்கத்தை நாம் உய்த்துணரலாம். 1839-இல் பல்கலைக்கழகத்தின் கவிதைப் பரிசை ரஸ்கினார் பெற்றார். அவ்வாண்டுக்குரிய பொருள் பம்பாயையடுத்த சால்செட், எலிபெண்டாக் குகைகள். அக்குகைகளைக் கண்ணாற் காணாமலே அவர் பாடிப் பரிசு பெற்றார். இச்சிறு செய்தியை நாம் மனத்திற் கொள்வோமாக. பின்னர் இதனை நினைத்தற்கு இடமுண்டு.

கண் திறந்த நாள்

நோயினால் இடையே படிப்பு தடைப்பட்டு, 1842-இல் அவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டில் இலண்டனையடுத்த நார்வுட் என்னுமிடத்திற்குச் செல்லுஞ் சாலையோரம் ஒரு முட்செடியின் தண்டைச் சுற்றிப் படர்ந்திருந்த ஐவிக்கொடியைக் கண்டு, அதனைத் தம் குறிப்பேட்டிற் பென்சிலால் வரைந்தார். வரைய வரைய அக்கொடியின் அமைப்பிலே தாம் கற்பனையால் அமைக்கக்கூடிய எவ்வழகினும் மேலான ஒழுங்கு இருத்தலை உணர்ந்தார். பன்னிரண்டாம் வயது முதல் தமக்குச் சித்திரப் பாடம் சொல்லிய ஆசிரியர் எவரும், உள்ள பொருளை உள்ளவாறே வரைக என்று சொல்லவில்லையே என்று வருந்தினார். அன்று முதல் சித்திரம் என்பது அவருக்கு அழகிய படம் செய்யுந் தொழிலாக இராமல், மெய்யைக் காணும் ஒரு தவமாக மாறியது.

அந்நாளில் டர்னர் தீட்டிய பிற்காலத்து ஓவியங்களைப் பத்திரிகைகள் பலவாறு இகழ்ந்தன. வானமும் நீரும் இயற்கைக்கு மாறாக உள்ளன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதற்கு மறுப்பாக 1843-இல் தம் இருபத்துநான்காம் வயதில் ரஸ்கினார் வெளியிட்டதே நவீன ஓவியர் என்னும் நூலின் முதற்பாகம். தம் பெயரைக் கூறாது, ஆக்ஸ்போர்டுப் பட்டதாரி ஒருவர் எழுதியது என்று மட்டும் குறித்தார். மேகம் எவ்வாறு திரள்கிறது, பாறை எவ்வாறு பிளக்கிறது, அலை எவ்வாறு உடைகிறது என்றெல்லாம் விரித்துரைத்து, டர்னரைக் குறைகூறுவோர் ஓவியத்தைப் பாராததோடு வானத்தையும் பார்த்தவரல்லர் என்று நிறுவினார். அந்நூல் ஐந்து பாகங்களாக வளர்ந்து 1860-இல் நிறைவெய்தியது.

வெனிஸ் நகரத்துக் கற்கள்

1848-இல் அவருக்கு மணம் நிகழ்ந்தது. அவ்வில்லறம் இனிது அமையாது 1854-இல் முறிந்தது. அவ்வாண்டுகளிலே அவர் இருமுறை குளிர்காலம் முழுதும் வெனிஸ் நகரிலே தங்கி, அதன் கோயில்களையும் மாளிகைகளையும் ஒவ்வொரு தூணாக அளந்து, வரைந்து, குறிப்பெடுத்தார். அதன் பயனாக 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாக வெளிவந்தது வெனிஸ் நகரத்துக் கற்கள் என்னும் பெருநூல்.

அவர் கலைவரலாற்றை ஆராய்ந்த முறைக்கு ஒரு சான்று கூறுவேன். வெனிஸ் நகரத்துப் பெருங்கோயிலொன்றிலே வெண்ட்ராமின் என்னும் தலைவருடைய கல்லறை உயரத்தில் அமைந்துள்ளது. அதன்மீது படுத்திருக்கும் உருவத்தின் கைவேலைப்பாட்டை அறிஞர் பலர் புகழ்ந்திருந்தனர். ரஸ்கினார் ஓர் ஏணியைக் கொணர்வித்து மேலேறிப் பார்த்தார். கீழிருந்து காண்போர் கண்ணுக்குப் படும் பக்கம் மட்டுமே செதுக்கப்பட்டிருந்தது. மறுபக்கம் முகமும் கையும் இன்றி வெறுங்கல்லாகக் கிடந்தது. அதற்கு முற்பட்ட காலத்துக் கல்லறைகளில் இத்தகைய வஞ்சம் இல்லை. கடவுள் காண்பார் என்று வேலை செய்த காலம் போய், மனிதர் கண்ணுக்காக வேலை செய்யும் காலம் வந்தது. அதுவே அந்நாட்டு வீழ்ச்சியின் தொடக்கம் என்று அவர் முடிவு கட்டினார். அம்முடிவை இன்று எல்லாரும் ஒப்பார். எனினும் ஏணியிலேறிப் பார்த்த அவ்வொழுக்கத்தை ஒப்பாதார் இலர். ஒரு நாட்டார் தம் செயலைப் பற்றிப் பொய் எழுதலாம். அவர்கள் செதுக்கிய கல்லில் அவர்தம் உள்ளம் ஒளியாது வெளிப்படும் என்பது அவர் கொள்கை. கலைவரலாறு அரசர் பெயரும் ஆண்டும் கொண்ட பட்டியலாக இராமல், மக்கள் மனத்தை அறியுங் கருவியாயிற்று.

அந்நூலின் இரண்டாம் பாகத்திலே காதிக்குக் கட்டடக்கலையின் இயல்பைக் கூறும் அதிகாரம் ஒன்றுளது. பழைய தேவாலயங்களிற் காணும் சிற்பங்கள் கரடுமுரடானவை. ஒன்றுபோல் ஒன்று இராதவை. அக்குறைகளே அவற்றைச் செய்த தொழிலாளி தன் கருத்தையும் சேர்த்து வேலை செய்தான் என்பதற்கு அடையாளம் என்றார் ரஸ்கினார். அதற்கு மாறாக, தம் காலத்துக் கண்ணாடிமணித் தொழிலை எடுத்துக்காட்டினார். நாள் முழுதும் கண்ணாடிக் கோலைத் துண்டு துண்டாக வெட்டுபவனுடைய கைகள் ஓயாது நடுங்குகின்றன; அவன் அறிவுக்கு அங்கே வேலையே இல்லை. அம்மணியை விரும்பி வாங்குவோர் அவன் அடிமைத்தனத்திலே பங்குடையவராவர். ஆகவே ஓர் அணியையோ கட்டடத்தையோ காணுங்கால் இது அழகிதா என்று கேட்பதோடு அமையாது, இதனைச் செய்தவன் மகிழ்ந்து செய்தானா என்றுங் கேட்டல் வேண்டும். கலையைக் காணக் கற்றல் அயலானைக் காணக் கற்றலில் வந்து முடிகின்றது.

தொழிலாளர் கல்லூரி

1854-ஆம் ஆண்டில் பிரெடெரிக் டெனிசன் மாரிஸ் என்னும் குருவானவர் இலண்டனிலே தொழிலாளர்க்கென ஒரு கல்லூரியை நிறுவினார். அதன் தொடக்கத்தின்போது மேற்கூறிய அதிகாரம் தனிச் சிறு நூலாக அச்சிடப்பட்டது. ரஸ்கினார் தாமே முன்வந்து, ஊதியமின்றி, வியாழக்கிழமை மாலைதோறும் அங்கே சித்திரப் பாடம் கற்பித்தார். பகலெல்லாம் உழைத்துக் களைத்த தச்சரும் எழுத்தரும் அவருக்கு மாணவர்.

அக்காலத்து அரசாங்கச் சித்திரப் பள்ளிகள், அச்சிட்ட கோட்டுருவங்களைப் பார்த்து எழுதும் பயிற்சியைத் தந்தன. ஆலைத் துணிக்கும் பாண்டத்துக்கும் அணிவேலை செய்வோரை உண்டாக்குதல் அவற்றின் நோக்கம். ரஸ்கினாரோ உருண்டையான வெண்பந்தொன்றைக் காட்டி, ஒளியும் நிழலும் அதன்மேற் படியும் முறையை வரையச் செய்தார். பின்னர் இலையும் கல்லும் பாடப்பொருள்களாயின. தம் வீட்டிலிருந்து அரிய ஓவியங்களையும் அச்சுச் சித்திரங்களையும் கொணர்ந்து அத்தொழிலாளர் கையிலே கொடுத்துக் காணச் செய்தார். 1857-இல் வெளிவந்த சித்திரம் பயில்வோர்க்கான நூலிலும், தெருவிற் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து அதனைச் செம்மையாக வரையக் கற்றவன் எதனையும் வரையவல்லான் என்று அறிவுறுத்தினார்.

அதே ஆண்டில் அரசாங்க விசாரணைக் குழுவொன்றின் முன் அவர் சாட்சியம் அளித்தார். தச்சனை ஓவியனாக்குதல் தம் நோக்கமன்று, அவனைத் தச்சனாகவே இருந்து இன்புறச் செய்தலே நோக்கம் என்பது அவர் கூறியதன் சாரம். ஆயினும் அவ்வகுப்பிலிருந்து வல்லுநர் சிலர் தோன்றவே செய்தனர். ஜார்ஜ் ஆலன் என்னும் தச்சர் செதுக்குச் சித்திரத்தில் தேர்ந்து, ரஸ்கினாருக்கு உதவியாளராகிப் பின்னர் அவர் நூல்களின் பதிப்பாளரானார். நம் நூல்நிலையங்களிற் காணும் ஜார்ஜ் ஆலன் அன்வின் பதிப்பகம் அவர் பெயர் தாங்கியதே. டர்னர் நாட்டுக்கு விட்டுச்சென்ற ஏறத்தாழ 19,000 சித்திரத் தாள்களை வகைப்படுத்தும் பெரும்பணியை ரஸ்கினார் மேற்கொண்டபோது ஆலனும் உடன் உழைத்தார்.

கடையனுக்கும் உரிய பங்கு

தொழிலாளரைக் கண்ட கண் அவர்தம் வறுமையையும் கண்டது. 1860-இல் கார்ன்ஹில் என்னும் மாதப் பத்திரிகையிலே பொருளாதாரம் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதினார். வாசகரின் எதிர்ப்பு மிகவே பத்திரிகை ஆசிரியராகிய தாக்கரே அவற்றை நிறுத்தும்படி நேர்ந்தது. 1862-இல் அவை நூலாயின. மத்தேயு சுவிசேஷத்துத் திராட்சைத் தோட்ட உவமையிலே, மாலையில் வந்த கூலியாளனுக்கும் காலையில் வந்தவனுக்குரிய கூலியே கொடுக்கப்பட்டதன்றோ? அவ்வுவமையிலிருந்தே நூலின் பெயர் எடுக்கப்பட்டது. 1904-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புகைவண்டியிற் சென்ற காந்தியடிகள் இந்நூலை இரவெல்லாம் படித்து, பீனிக்ஸ் குடியிருப்பை நிறுவத் துணிந்தார். 1908-இல் சர்வோதயம் என்னும் பெயரால் குஜராத்தியில் அதன் கருத்தை வெளியிட்டார்.

பேராசிரியர்

1864-இல் தந்தையார் இறந்தபோது ஓர் இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட செல்வம் ரஸ்கினாருக்கு வந்தது. அதனைப் பெரும்பாலும் பிறர்க்கே ஈந்தார். 1869-இல் ஆக்ஸ்போர்டிலே நுண்கலைக்கென முதன்முறையாக ஏற்பட்ட பேராசிரியர் பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1870 பிப்ரவரி 8-ஆம் நாள், தம் ஐம்பத்தோராவது பிறந்தநாளன்று, முதற் சொற்பொழிவு நிகழ்த்தினார். குறித்த மண்டபத்தில் கூட்டம் அடங்காமையால் அனைவரும் ஷெல்டோனியன் அரங்கத்திற்குப் பெயர்ந்து செல்லும்படியாயிற்று.

சொற்பொழிவு ஒன்றே போதாதென்று 1871-இல் சித்திரப் பள்ளியொன்றையும் அங்கே தொடங்கி, ஆசிரியர் ஊதியத்திற்காக 5,000 பவுன் அளித்தார். மாணவர் பார்த்துப் பயிலுதற்கென 1,400-க்கு மேற்பட்ட சித்திரங்களையும் அச்சுப்படங்களையும் ஒளிப்படங்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். அம்மாணவர் பின்னாளில் நிலக்கிழாரும் வழக்கறிஞரும் குருமாரும் ஆகப்போகின்றவர். நாட்டை ஆளப்போகின்றவர் கண்ணில்லாதவராய் இருத்தலாகாது என்பது அவர் கருத்து.

அவர் பாடஞ் சொல்லும் முறை விந்தையானது. ஒரு சமயம் லெஸ்டர் நகரத்தை டர்னர் தீட்டிய ஓவியமொன்றைக் கண்ணாடிச் சட்டத்தோடு மாணவர்க்குக் காட்டினார். பின்னர் தூரிகையை எடுத்து, அக்கண்ணாடியின்மேல் இரும்புப் பாலத்தையும் ஆலைப் புகையையும் விரைவாகத் தீட்டினார். ஆறும் வானமும் மறைந்தன. அனைவரும் திகைத்திருக்க, அவற்றைத் துடைத்தெறிந்தார். டர்னரின் ஒளி மீண்டும் விளங்கியது. தம் காலத்தார் நாட்டுக்குச் செய்துவருவது யாது என்பதை மாணவர் ஒரு கணத்தில் உணர்ந்தனர்.

1874-இல் ஹிங்ஸி என்னும் சிற்றூரிலே மாணவரை அழைத்துச் சென்று சாலை அமைக்கச் செய்தார். ஆஸ்கார் வைல்டும் ஆர்னல்டு டாயின்பியும் அங்கே மண்வெட்டி பிடித்தவர்களில் இருவர். சாலை செம்மையாக அமையவில்லை, ஊரார் நகைத்தனர். ஆயினும் கை நோவ உழைத்தவனே கைத்தொழிலின் அருமையை அறிவான் என்னும் பாடம் நன்கு பதிந்தது.

குன்றின்மேல் ஒரு காட்சிச்சாலை

1871 முதல் தொழிலாளர்க்கென மாதக் கடிதங்கள் எழுதத் தொடங்கிய ரஸ்கினார், புனித ஜார்ஜ் சங்கத்தை ஏற்படுத்தித் தம் செல்வத்திற் பத்தில் ஒரு பங்கென 7,000 பவுனை அதற்கு ஈந்தார். அதன் சார்பில் 1875-இல் ஷெபீல்டு நகரையடுத்த வாக்லி என்னும் குன்றிலே ஒரு சிறு வீட்டைப் பொருட்காட்சிசாலையாக்கினார். ஷெபீல்டு கத்தியும் எஃகுக் கருவியும் செய்வோர் நிறைந்த நகரம். பகலில் உழைப்போர் வருதற்கேற்ப இரவிலும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலும் அது திறந்திருந்தது. புகை சூழ்ந்த பட்டறையை விட்டுக் குன்றேறி வருவோர் நல்ல காற்றையும் பள்ளத்தாக்கின் காட்சியையும் பெறுவராதலின், ஏறி வருதலும் பாடத்தில் ஒரு பகுதியாயிற்று. ஒளிவிடும் மணிக்கற்கள், பழைய கையெழுத்து ஏடுகள், பறவைச் சித்திரங்கள், வெனிஸ் நகரக் கட்டடங்களின் படங்கள் ஆகியவை அங்கிருந்தன. தொழிலாளர் கல்லூரியில் அவரிடம் பயின்ற பன்னி என்பார், வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தின் முகப்பை 1877 முதல் 1882 வரை உழைத்துத் தீட்டிய பேரோவியம் அச்சங்கத்திற்கென்றே வரையப்பட்டது. அத்தொகுதி 2001 முதல் ஷெபீல்டு நகர் நடுவிலுள்ள மில்லினியம் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டுள்ளது.

காணத் தவறியவை

இத்துணைக் கூரிய கண்ணுடையவரும் சிலவற்றைக் காணத் தவறினார். 1877-இல் விஸ்லர் என்னும் ஓவியரின் இரவுக்காட்சியை நிதானமின்றி இகழ்ந்து எழுதி, அடுத்த ஆண்டில் மானநஷ்ட வழக்கிற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். நீதிமன்றம் விதித்த தொகை ஒரு பார்த்திங்கு என்னும் செப்புக்காசேயாயினும், இளமையில் டர்னருக்காக வாதாடியவர் முதுமையில் மற்றொரு புதுமையைக் காண மறுத்தது வருந்தத்தக்கதே.

நம்மை அணுகி வருத்துவது பிறிதொன்று. 1858-ஆம் ஆண்டு சனவரியில், முந்திய ஆண்டின் இந்தியக் கலகச் செய்திகளால் இங்கிலாந்து கொதித்திருந்த வேளையில், அவர் இலண்டனிலே இந்தியக் கலையைப் பற்றிப் பேசினார். நிறத்திலும் கோட்டிலும் இந்தியர் வல்லுநர் என்று ஒப்புக்கொண்டார். ஆயின் அவர்கள் இயற்கையை ஒருபோதும் உள்ளவாறு வடிப்பதில்லை, மனிதனுக்குப் பதிலாகப் பல கைகளையுடைய பூதத்தையே வடிக்கின்றனர் என்று கூறி, அதனைக் கலகத்திற் கேள்வியுற்ற கொடுமையோடு தொடர்புபடுத்தினார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். காணாத குகையைப் பாடிப் பரிசு பெற்ற இளைஞரின் குறை, காணாத கலைக்குத் தீர்ப்பளித்த அறிஞரிடத்தும் எஞ்சி நின்றது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையின் முன் அவர் ஒருநாள் நின்றிருப்பாராயின் யாது கூறியிருப்பார்? அங்கே பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் உளது. தாய்யானையின் காலடியிற் குட்டிகள் உள. தவம் செய்யும் பூனையும் அதனைச் சூழ எலிகளும் உள. ஐவிக்கொடியை வரைந்த கண் இவற்றை வணங்காது சென்றிராது. அவர் விட்ட குறையை அவர் வழியறிந்தோரே நிரப்பினர். 1884-இல் சென்னைச் சித்திரப் பள்ளித் தலைவராக வந்த ஹாவெல் துரை, பின்னர் 1908-இல் இந்தியச் சிற்பத்தையும் ஓவியத்தையும் பற்றி நூலெழுதி அவற்றின் உட்கருத்தை மேனாட்டார்க்கு விளக்கினார். கொழும்பிலே தமிழ்த் தந்தையாருக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ரஸ்கினாரும் அவரைப் பின்பற்றிய வில்லியம் மாரிஸும் கைத்தொழிலைப் பற்றிக் கூறியவற்றைப் போற்றி, அவ்வளவுகோலையே கொண்டு கீழ்நாட்டுக் கலையின் உயர்வை நிறுவினார். ஆசிரியரின் முறையைக் கைக்கொண்டு ஆசிரியரின் பிழையைத் திருத்துதல் நன்மாணாக்கர் இயல்பன்றோ?

இறுதி நாட்கள்

ரஸ்கினாரின் இளமைப் பக்தி இடையே தளர்ந்தது. 1858-இல் டூரின் நகரிலே குறுகிய நோக்குடைய ஒரு பிரசங்கத்தைக் கேட்டு வெளிவந்து, வெரொனீஸ் தீட்டிய ஓவியத்தின் முன் நின்றபோது, தாயார் ஊட்டிய கொள்கைகளைக் கைவிட்டார். பல்லாண்டு கழித்து, முன்னினும் விரிந்த கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார். மனத்துயராலும் மிகையான உழைப்பாலும் 1878 முதல் பலமுறை அறிவு கலங்கும் நோய்க்கு ஆளானார். 1879-இல் துறந்த பேராசிரியர் பதவியை 1883-இல் மீண்டும் ஏற்று, உயிர்ப்பிராணிகளை அறுத்து ஆராய்வதற்குப் பல்கலைக்கழகம் இடந்தந்ததைக் கண்டித்து 1885-இல் விலகினார். கானிஸ்டன் ஏரிக்கரையிலுள்ள பிராண்ட்வுட் இல்லத்திலே, இறுதிப் பத்தாண்டைப் பெரும்பாலும் மோனத்திற் கழித்து, 1900 சனவரி 20-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அடக்கம் செய்ய இடமளித்தும், அவர் விருப்பப்படி அவ்வூர்த் தேவாலய முற்றத்திலேயே அடக்கம் செய்தனர்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம்மிற் பெரும்பாலார் ஓவியராகப் போவதில்லை, சிற்பியாகப் போவதுமில்லை. தமிழ் பயில்வோராகிய நாம் மாடத்தையும் மண்டபத்தையும் அரங்கத்தையும் செய்யுளிற் படித்து உரை எழுதுகின்றோம். நம்மூர்க் கோயில் தூண் ஒன்றன்முன் கால் நாழிகை நின்று பார்த்தவர் எத்துணைப் பேர்? நின்று பாராதவன் அத்தூணின்மேல் சுண்ணாம்பு பூசுவதைத் தடுக்கமாட்டான். அதன் மூக்குடைந்தால் வருந்தமாட்டான். அதனைச் செதுக்கியவன் வழியில் வந்த கைத்தொழிலாளன் வேலையின்றி வாடுவதையும் அறியமாட்டான். ரஸ்கினார் தச்சருக்குக் கற்பித்த பாடம் நமக்கும் வேண்டுவதே. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. வழியிற் கிடக்கும் ஒரு கல்லும், ஒரு பென்சிலும், அவசரமில்லாத ஒரு மாலைப்பொழுதும் போதும். கண்டபின் பேசுவோம், காணாதவற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறாதிருப்போம்.